அவள் என் குடும்பமா, இல்லையா?



சென்ற முறை எங்கள் பள்ளிக்கூடத்து திக்தே வகுப்பைப் பற்றி எழுதியிருந்தேன். பிரெஞ்சில் ‘ஊ’ என்று ஒரு சொல் உண்டு. தலையில் ஒரு சின்னக் கோடு போட்டால் ‘எங்கே’ என்று பொருள், போடாவிட்டால் ‘அல்லது’. உச்சரிப்பு ஒன்றே. அந்தக் கோட்டை மறந்ததற்காக முழங்கால் போட்டிருக்கிறேன் என்று எழுதியதைப் படித்துவிட்டுப் பலரும் சிரித்தீர்கள். இந்த முறை சிரிக்கிற விஷயம் அல்ல. போன மாதம் நான் கையெழுத்துப் போட்ட ஒரு தாளைப் பற்றி எழுதப்போகிறேன். கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தாள் ஒரு பிரமாணப் பத்திரம். நோட்டரி முன்னால் இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதியது. அதில் உள்ள வாசகம்: “மேற்படி நபர் எனது குடும்பத்தைச் சேர்ந்தவர் அல்ல என்று இதன்மூலம் உறுதி கூறுகிறேன்.” ‘அல்லர்’ என்றுதான் இருக்க வேண்டும். அதைத் திருத்தக்கூட மனமில்லாமல் கையெழுத்துப் போட்டேன். மேற்படி நபர் யார் தெரியுமா? என் கூடப் பிறந்த தங்கை.

விஷயம் இதுதான். தங்கைக்கு 68 வயது. அவள் வீட்டுக்காரர் 2011-இல் தவறிவிட்டார். பிள்ளைகள் இல்லை. என் வீட்டு மாடியில் ஒரு அறையும் சின்ன சமையலறையும் இருந்தன. “வா, நம்ம கூடவே இரு” என்றேன். “வரேன் அண்ணே, ஆனா அடுப்பு மட்டும் தனியா வச்சிக்கிறேன். யாருக்கும் பாரமா இருக்க மாட்டேன்” என்றாள். அவள் மானம் அவளுக்கு. ரேஷன் கார்டும் தனியாகத்தான் வாங்கினாள். ஆதரவற்ற பெண்களுக்கான உதவித்தொகை மாதாமாதம் வந்துகொண்டிருந்தது. சின்னத் தொகைதான். ஆனால் ரத்த அழுத்த மாத்திரைக்கும் கேஸ் சிலிண்டருக்கும் அவள் யார் கையையும் பார்க்க வேண்டியதில்லை.

போன வருடம் ஒரு மாதம் பணம் வரவில்லை. அடுத்த மாதமும் இல்லை. அலுவலகத்துக்குப் போனோம். எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை. நானும் அந்தச் சாதியில் ஒருவனாக இருந்தவன். கவுண்டரில் இருந்த பையன் மரியாதையான பையன்தான். கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: “சார், எல்லாத் துறையோட பட்டியலையும் ஒருங்கிணைச்சிட்டாங்க. அம்மா உங்க குடும்பத்துல வராங்க. குடும்பத்துல ஒரு அரசு ஓய்வூதியதாரர் இருக்கார். அதனால தகுதி இல்லைன்னு சிஸ்டமே நிறுத்திடுச்சு.”

“எந்தக் குடும்பம் தம்பி?” என்று கேட்டேன்.

அவனுக்குக் கேள்வியே புரியவில்லை. “குடும்பம்தான் சார்” என்றான்.

ஒரே கதவு எண், ஒரே மின்சார மீட்டர், அதனால் ஒரே குடும்பம். ஏழு மாதம் அலைந்தோம். கடைசியில் அந்தப் பிணைப்பை வெட்டுவதற்கு அவர்களிடம் இருந்த ஒரே வழி நான் மேலே சொன்ன பிரமாணப் பத்திரம். நோட்டரி அலுவலகத்துப் படியில் இறங்கும்போது தங்கை கேட்டாள்: “அப்போ நான் உங்க குடும்பம் இல்லையா அண்ணே?” என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. 1971-இல் வேலைக்குச் சேர்ந்து 2009-இல் ஓய்வு பெற்றவன் நான். 38 வருடம் கொம்மி உத்தியோகம். கிளார்க் என்று சொன்னால்தான் இப்போது புரியும். எங்கள் அலுவலகத்தில் ‘குடும்பம்’ என்ற சொல் தினம் பத்துத் தடவை மேசையைக் கடந்து போகும். ஆனால் அது ஒரு குடும்பம் அல்ல. எண்ணிப் பார்த்தால் குறைந்தது ஐந்து.

முதலாவது, அடுப்புக் குடும்பம். மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் போனவர்களுக்குத் தெரியும். வழக்கமாகச் சேர்ந்து வாழ்ந்து, பொதுவான ஒரு சமையலறையில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடித்தனம். அங்கே ரத்தச் சம்பந்தம் கேள்வியே இல்லை. ரேஷன் கார்டுக்கும் நாங்கள் முதலில் பார்த்தது அடுப்பைத்தான்.

இரண்டாவது, குடும்ப ஓய்வூதியத்துக்கான குடும்பம். மனைவி அல்லது கணவன், அதன்பின் 25 வயதுக்குட்பட்ட பிள்ளைகள், அந்த வயதைத் தாண்டினாலும் மணமாகாத, விதவையான, விவாகரத்தான மகள், சார்ந்திருக்கும் பெற்றோர் என்று வரிசையாகப் போகும். கூடப் பிறந்தவர்கள் மாற்றுத்திறனாளியாக, ஊழியரையே சார்ந்திருந்தால் ஒழிய இதில் வரமாட்டார்கள். அடுப்பு ஒன்றா இரண்டா என்று இங்கே யாரும் கேட்பதில்லை.

மூன்றாவது, எல்.டி.சி. என்கிற விடுமுறைப் பயணச் சலுகைக்கான குடும்பம். இங்கே விதவைச் சகோதரி வருவாள்! ஆனால் சும்மா வரமாட்டாள். ஊழியருடன் வசிக்க வேண்டும், முழுக்க அவரையே சார்ந்திருக்க வேண்டும், பெற்றோர் இல்லாதிருக்க வேண்டும், இருந்தால் அவர்களும் ஊழியரையே சார்ந்திருக்க வேண்டும்.

நான்காவது, வருமான வரிக்காரர்களின் இந்துக் கூட்டுக் குடும்பம். அது மனிதர்களின் கூட்டம்கூட அல்ல, சட்டத்தின் கண்ணுக்கு அதுவே தனி ஒரு நபர். தனியாகக் கணக்குக் காட்டும்.

ஐந்தாவது, நம் ஊருக்கே உரியது. பிரெஞ்சு ஓய்வூதியக்காரர் வீடுகளில் இருக்கும் ‘லிவ்ரே த ஃபமீய்’, குடும்பக் கையேடு. 1871-இல் பாரீஸ் கம்யூன் கலவரத்தில் நகரத்தின் பிறப்பு, இறப்புப் பதிவேடுகள் எரிந்து போயின. அதற்குப் பிறகு, அரசாங்கத்திடம் இருப்பது அழிந்தாலும் வீட்டில் ஒரு நகல் இருக்கட்டும் என்று 1877-இல் வந்த ஏற்பாடு அது. அந்தக் கணக்கில் ஒரு திருமணம் ஒரு குடும்பம். மகனுக்குக் கல்யாணம் ஆனால் அவனுக்குத் தனிக் கையேடு.

இந்த ஐந்தையும் நாங்கள் குழப்பிக்கொண்டதில்லை. நாங்கள் மேதைகள் என்பதால் அல்ல. கோப்பின் அட்டையைப் பார்த்தவுடனே எந்தக் குடும்பம் என்று தெரிந்துவிடும். ஓய்வூதியக் கோப்பில் குடும்பம் என்றால் ஓய்வூதிய விதிக் குடும்பம். அதை எங்கள் தலைமை எழுத்தர் எங்களுக்குச் சொன்னார், நாங்கள் அடுத்து வந்தவர்களுக்குச் சொன்னோம். பொருள் எங்கள் தலையில் இருந்தது, தாளில் வெறும் சொல் மட்டும் இருந்தது.

அங்கேதான் எங்கள் தவறும் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். தாளில் எழுதி வைக்கவில்லை.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. பிரெஞ்சில் அதற்கு ‘ஓர்தினத்தர்’ என்று பெயர். 1955-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் பிரெஞ்சுக் கிளை, இந்த இயந்திரத்துக்கு ஒரு நல்ல பெயர் வேண்டும் என்று சொர்போன் பல்கலைக்கழகத்து லத்தீன் பேராசிரியர் ழாக் பெரே என்பவரைக் கேட்டது. அவர் கொடுத்த சொல் அது. ஒழுங்குபடுத்துகிறவர் என்று பொருள். உலகத்துக்கு ஒழுங்கு தந்த கடவுளைக் குறிக்கப் பழைய நூல்களில் இருந்த சொல்லாம். தமிழில் கணினி என்கிறோம், கணிப்பது. எனக்குத் தமிழ்ச் சொல்தான் இப்போது நேர்மையாகப் படுகிறது. அந்தப் பெட்டி கணிக்கும். ஒழுங்கு யாராவது வெளியிலிருந்து கொடுத்தால்தான் உண்டு.

மென்பொருள் எழுத வந்த பிள்ளைகள் எங்களிடம் என்ன கேட்டார்கள்? “இந்தக் கட்டத்தில் எத்தனை எழுத்து வரும் சார்? எண்ணா, எழுத்தா? காலியாக விடலாமா?” இவ்வளவுதான். “இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?” என்று ஒருவரும் கேட்டதாக ஞாபகம் இல்லை. ஒவ்வொரு துறையும் தனித்தனியாகக் கணினி வைத்திருந்தவரை அதனால் பெரிய கேடு வரவில்லை. கோப்பின் அட்டை போல, துறையின் பெயரே பொருளைச் சொல்லிவிடும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிய நாளில்தான் அட்டை கிழிந்தது. ஐந்து கோப்பிலும் ‘குடும்பம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. பெயர் ஒன்று, ஆகவே பொருளும் ஒன்று என்று யாரோ ஒரு பிள்ளை முடிவு செய்துவிட்டான். அவனுக்கு ஒரு மத்தியான வேலை. எங்களுக்கு ஏழு மாதம்.

என் பேத்தி பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருக்கிறாள். விடுமுறைக்கு வந்தவளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். முதலில் அவள் தன் தொழிலை விட்டுக்கொடுக்கவில்லை. “தாத்தா, அது டேட்டா சரியில்லாததால வந்த பிரச்சினை” என்றாள்.

“இல்லம்மா. கதவு எண் சரி. மீட்டர் எண் சரி. என் ஓய்வூதியம் சரி. உன் சின்னப் பாட்டி பெயர்கூடப் பிழையில்லாம இருக்கு. ஒரு தகவலும் தப்பில்ல. அப்புறம் எப்படி முடிவு மட்டும் தப்பாச்சு?”

கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு சொன்னாள்: “நீங்க சொல்றதுக்கு எங்க துறையில ஒரு பேரே இருக்கு தாத்தா. ஆன்டாலஜி.”

தூக்கிவாரிப் போட்டது. ‘ஓன்தொலொழி’ நான் பக்கலோரேயா வகுப்பில் படித்த சொல். தத்துவ வாத்தியார் கரும்பலகையில் எழுதிப்போட்டு, இருப்பவற்றைப் பற்றிய விசாரணை என்று விளக்கியது. அது மென்பொருளுக்குள் எப்படி வந்தது என்று கேட்டேன். இரண்டு நாள் மாடியில் உட்கார்ந்து, தங்கை போட்ட காப்பியைக் குடித்துக்கொண்டு அவள் சொன்னதையும், அதன்பின் நானே தேடிப் படித்ததையும் முடிந்தவரை நம் பாஷையில் சொல்கிறேன்.

ஒரு துறையில் என்னென்ன பொருள்கள் உண்டு, ஒன்றுக்கொன்று என்ன உறவு, எது எதனுள் அடங்கும், எது எதோடு சேரவே சேராது என்பதை, மனிதனும் இயந்திரமும் படிக்கும்படி வெளிப்படையாக எழுதி வைப்பது. 1993-இல் டாம் க்ரூபர் என்ற அமெரிக்க ஆய்வாளர் கொடுத்த விளக்கத்தின் சாரம் இதுதான். தலையில் இருப்பதைத் தாளில் இறக்கு என்கிறார், வேறொன்றுமில்லை. எங்கள் தலைமை எழுத்தர் இதை வாயால் செய்துகொண்டிருந்தார்.

இதற்கென்று முறைகளும் வந்துவிட்டன. ஆர்.டி.எஃப். என்று ஒன்று. எந்தத் தகவலையும் எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்று மூன்று துண்டாக எழுதும் முறை. நம் இலக்கண வாத்தியார் கேட்டால் சந்தோஷப்படுவார். அதற்கு மேலே ஓ.டபிள்யூ.எல். என்று ஒரு மொழி. இணையத்துக்கான தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2004-இல் அதை ஏற்றுக்கொண்டது. இந்த மொழியில் ‘அடுப்புக் குடும்பம்’ என்று ஒரு வகை, ‘ஓய்வூதியக் குடும்பம்’ என்று இன்னொரு வகை, இரண்டும் வேறு என்று எழுதி வைக்கலாம். எழுதி வைத்தால், யாராவது இரண்டையும் ஒன்றாக்கப் போகும்போது இயந்திரமே முரண்பாடு என்று கத்தும்.

அதே மொழியில் ‘சேம் ஆஸ்’ என்று ஒரு உறவும் உண்டு. இதுவும் அதுவும் ஒன்றே என்று பொருள். பேத்தி சொன்னாள், அந்தத் துறையில் ஆராய்ச்சி செய்பவர்களே அதிகம் பயப்படுவது இந்தச் சொல்லுக்குத்தானாம். ஏனென்றால் அதைப் போட்டுவிட்டால், இதைப் பற்றி எதெல்லாம் உண்மையோ அதெல்லாம் அதைப் பற்றியும் உண்மையாகிவிடும். கொஞ்சம் ஒத்திருக்கிறது என்பதற்கும், ஒன்றேதான் என்பதற்கும் உள்ள தூரம் அவ்வளவு. என் தங்கை விஷயத்தில் நடந்ததும் அதுதான். மீட்டர் குடும்பமும் உதவித்தொகைக் குடும்பமும் ‘சேம் ஆஸ்’ என்று ஒருவன் மனசுக்குள் எழுதிக்கொண்டான். மனசுக்குள் எழுதியதால் யாராலும் அதைப் படித்து ஆட்சேபிக்க முடியவில்லை.

இது ஏதோ புதுச்சேரி அலுவலகங்களின் அசட்டுத்தனம் என்று நினைக்காதீர்கள். 1998 டிசம்பரில் நாசா செவ்வாய்க் கிரகத்துக்கு மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் என்று ஒரு விண்கலம் அனுப்பியது. 1999 செப்டம்பர் 23-ஆம் தேதி கிரகத்தை நெருங்கியபோது தொடர்பு அறுந்தது, அதோடு போனது. விசாரித்துப் பார்த்தால், உந்துவிசையின் அளவை ஒரு நிறுவனத்தின் மென்பொருள் பவுண்டு கணக்கில் எழுதிக்கொடுத்திருக்கிறது. அதை வாங்கிய நாசாவின் மென்பொருள் நியூட்டன் கணக்கில் என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. ஒன்று மற்றதைப்போல் ஏறத்தாழ நாலரை மடங்கு. எண்கள் எல்லாம் சரி. எண்ணோடு அதன் பொருள் கூடப் போகவில்லை. இத்தனைக்கும் எந்த அளவு என்று ஒப்பந்த ஆவணத்தில் இருந்தது. மென்பொருள் அதைப் படிக்கவில்லை.

அங்கே போனது ஒரு இயந்திரம். விசாரணைக் குழு போட்டார்கள், அறிக்கை வந்தது, உலகமே படித்தது. இங்கே போனது ஒரு கிழவியின் மாத்திரைக் காசு. விசாரணை இல்லை. கவுண்டரில் “சிஸ்டத்துல அப்படித்தான் இருக்கு” என்ற ஒரு வரிதான் அறிக்கை.

சரி, ஒழுங்காகச் செய்தவர்கள் இருக்கிறார்களா? இருக்கிறார்கள். 1998-இல் பழ ஈ, ஈஸ்ட், சுண்டெலி இந்த மூன்றின் மரபணுக்களைத் தொகுத்துக்கொண்டிருந்த மூன்று குழுக்கள் ஒன்றுகூடின. ஒரே வேலையைச் செய்யும் மரபணுவை ஒவ்வொருவரும் ஒவ்வொரு சொல்லால் எழுதி வைத்திருந்ததால் ஒப்பிட முடியவில்லை. ‘ஜீன் ஆன்டாலஜி’ என்று பொதுவான சொல் அகராதி ஒன்றை ஏற்படுத்தினார்கள். ஒவ்வொரு கருத்துக்கும் ஒரு எண், ஒரு விளக்கம், எதன்கீழ் வருகிறது என்ற குறிப்பு. அது இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது, உலகம் முழுக்க உயிரியல்காரர்கள் பயன்படுத்துகிறார்கள். கவனியுங்கள், அதை எழுதியதில் பெரும்பங்கு உயிரியல் தெரிந்தவர்களுடையது. கணினி தெரிந்தவர்கள் கூட உட்கார்ந்தார்கள்.

நம் பக்கத்திலும் ஒருவர் இருந்தார். சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன். 1892-இல் பிறந்தவர். கணக்கு வாத்தியாராக இருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். ஒரு புத்தகத்தை ஒரே ஒரு பெட்டிக்குள் அடைக்க முடியாது, அதற்குப் பல முகங்கள் உண்டு என்று கண்டு, 1933-இல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். எந்தப் பொருள், எந்த இடம், எந்தக் காலம் என்று ஒவ்வொரு முகத்தையும் தனித்தனியாகக் குறித்துச் சேர்ப்பது அவர் வழி. என் தங்கைக்கும் பல முகங்கள். ஒரு முகத்தில் என் குடும்பம், இன்னொரு முகத்தில் தனிக் குடித்தனம். இரண்டும் ஒரே சமயத்தில் உண்மை. சீர்காழிப் பெரியவருக்குக் கணினி இல்லாமலே புரிந்தது, கணினி வைத்திருப்பவர்களுக்குப் புரியவில்லை.

இனி என்னை எதிர்ப்பவர்கள் சொல்வதையும் பார்ப்போம். ஒருதலைப்பட்சமாக நோட் எழுதுவது நல்ல கொம்மிக்கு அழகல்ல.

முதல் ஆட்சேபணை, இதெல்லாம் நடக்காத காரியம் என்பது. 1984-இல் டக்ளஸ் லெனட் என்பவர் உலகத்துப் பொது அறிவு முழுவதையும் விதிகளாக எழுதிக் கணினிக்குக் கொடுப்பேன் என்று ‘சைக்’ என்ற திட்டத்தைத் தொடங்கினார். லட்சக்கணக்கில் விதிகள் எழுதினார்கள், பத்துப் பத்து வருடமாக ஓடிற்று, வேலை முடிந்தபாடில்லை. 2001-இல் உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீயும் இன்னும் இருவரும், இணையமே பொருள் புரிந்து நடக்கும் காலம் வரப்போகிறது என்று ஒரு கட்டுரை எழுதினார்கள். அதன் தொடக்கத்தில் ஒரு கதை. உடன்பிறந்த இருவர், ஒரு ஆண், ஒரு பெண். அம்மாவின் சிகிச்சைக்கு நேரம் குறிக்க வேண்டும். அவர்களுடைய மென்பொருள்களே ஒன்றோடொன்று பேசி எல்லாவற்றையும் முடித்துவிடும். இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. இங்கே ஒரு அண்ணனும் தங்கையும் நோட்டரி வாசலில் நிற்கிறோம். ஆகவே, பெரிய வாக்குறுதிகள் பலிக்கவில்லை என்பது சரி. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் உலகத்தை எழுதச் சொல்லவில்லை. ஒரு அலுவலகத்தில் சண்டைக்கு இடம்கொடுக்கும் சொல் எத்தனை இருக்கும்? குடும்பம், வருமானம், முகவரி, சார்ந்திருப்பவர், குடியிருப்பு, பெயர் என்று என் அனுபவத்தில் இருபதைத் தாண்டாது. இருபது சொல்லுக்குப் பொருள் எழுத நாற்பது வருடம் வேண்டாம்.

இரண்டாவது ஆட்சேபணை, அப்படியானால் அரசாங்கம் ‘குடும்பம்’ என்பதற்கு ஒரே பொருளை உத்தரவு போட்டு எல்லாத் துறைக்கும் பொதுவாக்கிவிடலாமே என்பது. இது முதல் வியாதியைவிட மோசமான மருந்து. ஐந்து பொருள் இருப்பது யாருடைய சோம்பேறித்தனத்தாலும் அல்ல. ஐந்து வெவ்வேறு காரியத்துக்காக ஐந்து வெவ்வேறு விதி. அரிசிக்கு அடுப்பைப் பார்ப்பது நியாயம். ஓய்வூதியத்துக்கு அடுப்பைப் பார்த்தால் வெளியூரில் படிக்கும் பிள்ளை பட்டினி. எரிக் எவன்ஸ் என்ற மென்பொருள் அறிஞர் 2003-இல் எழுதிய புத்தகத்தில், ஒரு சொல்லுக்கு எந்த எல்லைக்குள் எந்தப் பொருள் என்று எல்லை கட்டிக்கொள்ளுங்கள், எல்லையைத் தாண்டும்போது மொழிபெயர்த்துக் கொடுங்கள் என்கிறாராம். பேத்தி காட்டினாள். எங்கள் கோப்பு அட்டையை அவர் பார்த்ததில்லை, ஆனாலும் அதைத்தான் சொல்கிறார். பொதுப்பொருள் என்றால் எல்லோரும் ஒன்றையே நினைப்பது அல்ல. நீ எதை நினைக்கிறாய் என்பது எனக்கும், நான் எதை நினைக்கிறேன் என்பது உனக்கும் தெரிந்திருப்பது.

மூன்றாவது ஆட்சேபணை புதுசு. இனிமேல் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, அதுவே பொருளைப் புரிந்துகொள்ளும் என்கிறார்கள். நானும் பேத்தியின் போனில் அதனோடு பேசிப் பார்த்தேன். அழகாகப் பேசுகிறது. ஆனால் யோசியுங்கள். எங்கள் தலையில் மட்டும் இருந்து, எங்கேயும் எழுதப்படாமல், எங்களோடு ஓய்வுபெற்றுப் போன விஷயத்தை அது எங்கிருந்து படிக்கும்? ஊகிக்கும். அந்தப் பையன் ஊகித்தது போலவே ஊகிக்கும், ஆனால் இன்னும் வேகமாக, இன்னும் நம்பிக்கையாக. எழுதி வைத்தால் அதற்கும் உதவும். எழுதாவிட்டால் எவராலும் ஆகாது.

ஆகவே மென்பொருள் எழுதும் பிள்ளைகளுக்கும், அவர்களுக்கு வேலை கொடுக்கும் அதிகாரிகளுக்கும் இந்தக் கிழவன் சொல்வது நான்கு.

ஒன்று, ஒரு கட்டத்துக்குப் பெயர் வைக்கும்போதே பக்கத்தில் அதன் பொருளை எழுது. எந்த விதியின்படி, எந்தத் தேதியிலிருந்து என்பதையும் எழுது. விதி திருத்தப்படும், அப்போது பொருளும் மாறும்.

இரண்டு, அதை எழுதும்போது கூடவே ஒரு பழைய எழுத்தரை உட்காரவை. காப்பி வாங்கிக் கொடு, போதும். அவனுக்கு ‘ஜாவா’ தெரியாது. ஆனால் எந்த விதவைச் சகோதரி எந்தப் பட்டியலில் வருவாள் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான்.

மூன்று, இரண்டு பட்டியலை இணைக்கும் முன், ஒரே பெயருள்ள கட்டங்களை ஒன்று என்று எடுத்துக்கொள்ளாதே. வேறு என்று எடுத்துக்கொண்டு தொடங்கு. ஒன்றுதான் என்று நிரூபிக்கும் பாரம் இணைக்கிறவனுடையது. என் தங்கை ஏழு மாதம் சுமந்த பாரம் அது. அவள் சுமந்திருக்கக் கூடாது.

நான்கு, இயந்திரம் ஒருவருடைய பணத்தை நிறுத்தினால், எந்தச் சொல்லை எந்தப் பொருளில் எடுத்துக்கொண்டு நிறுத்தியது என்று கவுண்டரில் இருக்கும் பையனால் படித்துச் சொல்ல முடிய வேண்டும். அவன் பாவம். அவனுக்கே தெரியாததை அவன் எப்படிச் சொல்வான்?

இதற்கெல்லாம் செலவாகும் என்பார்கள். ஆகட்டும். எழுதாமல் விட்ட செலவை இப்போதும் யாரோ கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆட்டோ கூலியாக, ஜெராக்ஸ் காசாக, நோட்டரி கட்டணமாக, மாத்திரை வாங்காத நாட்களாக. அது எந்தத் துறையின் கணக்கிலும் ஏறுவதில்லை, அவ்வளவுதான்.

தமிழில் ‘பொருள்’ என்ற சொல்லுக்கு அர்த்தம் என்றும் பொருள், வஸ்து என்றும் பொருள், பணம் என்றும் பொருள். சொல்லின் பொருள் தொலைந்தால் கைப்பொருளும் தொலையும் என்று என் தங்கைக்கு இப்போது நன்றாகவே தெரியும்.

போன மாதக் கடைசியில் அவளுக்குப் பணம் மறுபடி வர ஆரம்பித்தது. நின்றுபோன ஏழு மாதத்துப் பாக்கி இன்னும் வரவில்லை. மனுக் கொடுத்திருக்கிறேன். பிரமாணப் பத்திரத்தின் நகல் என் பீரோவில் இருக்கிறது. அதன் பின்பக்கத்தில் நான் என் கையாலேயே ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன், பழைய நோட்டிங் பழக்கம்: “இங்கே குடும்பம் என்பது, பொதுவான ஒரு சமையலறையில் சாப்பிடுகிறவர்கள் என்ற பொருளில் மட்டும்.” தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். சட்டப்படி அதற்கு ஒரு மதிப்பும் கிடையாது. நாளைக்கு என் பிள்ளைகள் பீரோவைத் திறந்து அந்தத் தாளைப் பார்த்தால், அத்தையைப் பற்றி அப்பா ஏன் இப்படி எழுதிக்கொடுத்தார் என்று தப்பாக நினைக்கக் கூடாதல்லவா?

தங்கையிடமும் படித்துக் காட்டினேன். “இதை முதல்லயே அவங்க எழுதியிருக்கலாமே அண்ணே” என்றாள்.

அதைத்தான் நானும் சொல்கிறேன்.